கிராணியிடம் கேளுங்கள்: அழித்தும் இளைக்காத கோப்பு

முப்பத்தோரு வருடம் தோட்ட ஆபீசில் கிராணியாக, அதாவது குமாஸ்தாவாக, இருந்துவிட்டு, இப்போது சுங்கை சிப்புட் பட்டணத்தில் ஒரு கடைவீட்டு மாடியில் மூன்று கம்ப்யூட்டரோடு உட்கார்ந்திருக்கிறேன். கீழே ரொட்டி சானாய் கடை. காலை பத்து மணி வரைக்கும் மேலே வருகிறவர்களைவிட ரொட்டி வாசனைதான் அதிகம் வரும். இந்த முறை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே புகார்: ஆக்சஸ் (தகவலை அட்டவணைகளாக வைத்துக்கொள்ளும் மைக்ரோசாப்ட் மென்பொருள்) கோப்பு வீங்குகிறது, அழித்தாலும் குறைய மாட்டேன் என்கிறது. ஆகவே அதையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பிரிண்டர் கோளாறுக்காரர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, ஒரு செம்பனை ஆலையில் குமாஸ்தாவாக இருக்கிறேன். எடைமேடைக் கம்ப்யூட்டர் தினமும் ஒரு கோப்பு தரும். ஜனவரி முதல் அன்று வரை வந்த எல்லா லாரிச் சீட்டும் அதில் இருக்கும். நான் ஆக்சஸில் பழைய வரிகளை எல்லாம் அழித்துவிட்டு, புதுக் கோப்பை முழுசாக உள்ளே ஏற்றுகிறேன். அட்டவணையில் 34,000 வரிகூட இல்லை. ஆனால் கோப்பு 1.1 ஜிபி காட்டுகிறது. மேனேஜர், "என்னம்மா, படம் கிடம் ஏத்தி வெச்சிருக்கியா?" என்று கேட்கிறார். இடமெல்லாம் எங்கே போகிறது?
வாசகி, பீடோர்

பதில்: முதலில் மேனேஜருக்கு: படமும் இல்லை, கிடமும் இல்லை. உங்கள் தம்பி கொண்டுவந்து கொடுத்த பென்டிரைவைத் திறந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

தோட்டத்தில் செக்ரோல் என்று ஒரு பெரிய புத்தகம் உண்டு. யார் எந்த நாள் பெரட்டுக்கு (காலை ஆள் கணக்கெடுப்புக்கு) வந்தார், என்ன வேலை செய்தார் என்று அதில் ஏற்றுவோம். ஓர் ஆள் வேலையை விட்டுப் போனால் அவர் பெயர் மேல் சிவப்பு மையால் ஒரு கோடு கிழிப்பேன். கோடு கிழித்ததால் புத்தகம் மெலிந்துவிடுமா? அந்தச் சிவப்புக் கோட்டின் மேலேயே புது ஆளின் பெயரை எழுதவும் முடியாது. அவர் கடைசிப் பக்கத்துக்குத்தான் போவார். இப்படியே ஓட்டினால் ஒரு கட்டத்தில் புத்தகத்தில் உயிரோடு இருக்கும் பெயர்களைவிடச் சிவப்புக் கோடுகள் அதிகமாகிவிடும்.

ஆக்சஸ் செய்வதும் ஏறக்குறைய இதுதான். தன் கோப்பை 4,096 பைட் கொண்ட பக்கங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. நீங்கள் ஒரு வரியை அழித்தால், "இது இனி இல்லை" என்று அந்தப் பக்கத்தில் குறித்துக்கொள்ளும், அவ்வளவுதான். அந்த இடத்தை விண்டோசிடம் திருப்பிக் கொடுக்காது. காலியான இடத்தைச் சில நேரம் திரும்பப் பயன்படுத்தும். ஆனால் மொத்தமாக அழித்து மொத்தமாக ஏற்றும் வேலையில் அதை நம்பிப் பயனில்லை. பெரும்பாலும் கோப்பின் வாலில் புதுப் பக்கங்களைத்தான் கேட்கும்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். உங்கள் ஆலைக்கு ஒரு நாளைக்குச் சுமார் 130 லாரி. வரிக்கு, தேடுகுறிப்பு எல்லாம் சேர்த்து 250 பைட் என்று வையுங்கள். ஜனவரியில் தினமும் நூற்றுக்கணக்கில் ஏற்றினீர்கள், அக்டோபரில் தினமும் 33,000க்கு மேல். சராசரி 17,000 வரி, அதாவது ஒரு நாளைக்குச் சுமார் 4 எம்பி. 260 வேலை நாளில் 1,100 எம்பி ஆகிறதா? அதுதான் உங்கள் 1.1 ஜிபி. உயிரோடு இருப்பது கடைசியாக ஏற்றிய எட்டரை எம்பி மட்டும். மிச்சமெல்லாம் சிவப்புக் கோடு.

இது போதாதென்று, வேலை செய்யும்போது ஆக்சஸ் தனக்கென்று தற்காலிகமாகச் சில மறைவுப் பொருள்களையும் உண்டாக்கிக்கொள்ளும். வேலை முடிந்த பிறகும் சிலது உள்ளேயே தங்கிவிடும். உங்கள் விஷயத்தில் அது சில்லறைதான்.

சரி, வைத்தியம். கோப்பை முதலில் வேறோர் இடத்தில் நகல் எடுத்தேன். பிறகு ஆக்சஸில் திறந்து, 'ஃபைல்' போய், 'இன்ஃபோ' பக்கத்தில் 'காம்பேக்ட் அண்ட் ரிப்பேர் டேட்டாபேஸ்' (கோப்பைச் சுருக்கிச் சரிசெய்வது) என்பதை அழுத்தினேன். கீழே போய் ஒரு தே ஓ வாங்கிக்கொண்டு ஏறி வருவதற்குள் முடிந்துவிட்டது. உங்கள் தம்பி மவுசை வலது பக்கம் தட்டிப் 'பிராப்பர்ட்டீஸ்' பார்த்தார். 11 எம்பி. "அங்கிள், டேட்டா போயிருச்சா?" என்று அவர் முகம் வெளுத்துப்போனது. வரிகளை எண்ணிக் காட்டினேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

உள்ளே நடப்பது இதுதான்: உயிரோடு இருக்கும் பெயர்களை மட்டும் ஒரு புதுப் புத்தகத்தில் எழுதிவிட்டு, பழையதைத் தள்ளிவிட்டுப் புதியதை அந்த இடத்தில் வைக்கிறது. எழுதும்போது ஒவ்வோர் அட்டவணையையும் அதன் முதன்மைச் சாவி (ஒவ்வொரு வரியையும் தனியாக அடையாளம் காட்டும் எண் போன்ற கட்டம்) வரிசைப்படி அடுக்கியும் விடுகிறது. சுருக்கிய பிறகு அறிக்கைகள் வேகமாக வருவதாகத் தோன்றினால் அது பிரமை இல்லை. கொஞ்ச நேரத்துக்கு இரண்டு புத்தகமும் மேசையில் இருக்கும் என்பதால், டிஸ்கில் அதற்கு வேண்டிய இடம் காலியாக இருக்க வேண்டும்.

ஆனால் அம்மா, இதை மட்டும் செய்தால் அடுத்த அக்டோபரில் உங்கள் தம்பி மறுபடி பஸ் ஏறி வர வேண்டியிருக்கும். வீங்குகிற காரணத்தை வெளியே எடுங்கள். எடைமேடைக் கோப்பை ஏற்றுவதற்கென்றே தனியாக ஒரு சின்ன ஆக்சஸ் கோப்பை வைத்துக்கொள்ளுங்கள். அதன் அட்டவணையை உங்கள் பெரிய கோப்பில் இணைப்பாக மட்டும் வையுங்கள். காலையில் நேற்றைய சின்னக் கோப்பைத் தூக்கிப் போட்டுவிட்டு, அதே பெயரில் வெறும் கோப்பின் நகல் ஒன்றை அங்கே வைத்து, அதில் ஏற்றுங்கள். புத்தகமே தினமும் புதுசு என்றால் சிவப்புக் கோட்டுக்கு வேலை ஏது? இன்னும் நல்லது, நேற்றைக்குப் பிறகு வந்த சீட்டுகளை மட்டும் சேர்ப்பது. சீட்டு எண் இருக்கிறதே, பெரிய கோப்பில் உள்ள கடைசி எண்ணுக்கு மேல் உள்ளதை மட்டும் எடுத்துக்கொள்ளச் சொன்னால் போதும்.

இந்தச் சங்கதி ஆக்சஸுக்கு மட்டும் உரியது என்று நினைக்க வேண்டாம். 1989-இல் எங்கள் ஆபீசுக்கு வந்த முதல் கம்ப்யூட்டரில் டிபேஸ் த்ரீ பிளஸ் இருந்தது. அதில் ஒரு வரியை அழித்தால் வரியின் முதல் பைட்டில் ஒரு நட்சத்திரக் குறி விழும். 'பேக்' என்று கட்டளை கொடுத்தால்தான் நிஜமாகவே போகும். அப்போதைய துரை அதைப் பார்த்துவிட்டு, போனவன் தலையில் நட்சத்திரம் வைக்கிறாயே, நல்ல கம்ப்யூட்டர்தான் என்று சிரித்தார்.

கேள்வி: அண்ணே, எங்கள் குத்தகை ஆபீசில் வெளிநாட்டுத் தொழிலாளர் விவரத்தை ஆக்சஸில் வைத்திருக்கிறோம். 300 பேர். ஒவ்வொருவருக்கும் பெர்மிட்டுக்காக எடுத்த ஒரு படம். ஒரு படம் 400 கேபிதான். கோப்போ 1.6 ஜிபிக்கு மேல். பத்து முறை சுருக்கிப் பார்த்துவிட்டேன். ஓர் எம்பிகூட இறங்கவில்லை.
வாசகர், கூலிம்

பதில்: காலி உர மூட்டையை மடித்து வைக்கலாம். உரம் நிரம்பிய மூட்டையை மடிக்க முடியுமா? சுருக்குவது காலி இடத்தைத்தான் எடுக்கும். உங்கள் கோப்பில் காலியே இல்லை, நிஜமாகவே நிரம்பிக் கிடக்கிறது.

400 கேபி எப்படி இவ்வளவானது என்றுதானே கேட்கிறீர்கள்? நீங்கள் படத்தை வைத்திருப்பது 'ஓஎல்இ ஆப்ஜெக்ட்' என்ற கட்டத்தில். பழைய எம்டிபி கோப்புகளில் படத்துக்கு இருந்த வழி அதுதான். அதில் ஒரு ஜேபெக் படத்தை ஒட்டினால், திரையில் காட்டுவதற்காக, பெரும்பாலும் சுருக்கம் எல்லாம் பிரிக்கப்பட்ட பிட்மேப் ஒன்றும் கூடவே உள்ளே போய் உட்கார்ந்துவிடும். உங்கள் கேமரா 1,600க்கு 1,200 புள்ளி எடுக்கிறது. பெருக்கினால் 1,920,000 புள்ளி. புள்ளிக்கு மூன்று நிறம், மூன்று பைட். ஆக ஒரு முகத்துக்கு 5,760,000 பைட். 300 முகத்துக்கு நீங்களே பெருக்கிக்கொள்ளுங்கள், உங்கள் 1.6 ஜிபி வந்துவிடும்.

இதில் அவசரமும் இருக்கிறது. ஆக்சஸ் 2000 முதல் இன்று வரை ஒரு கோப்பின் உச்ச அளவு 2 ஜிபி. அதற்கு முந்திய ஆக்சஸ் 97-இல் 1 ஜிபிதான். இந்தக் கணக்கில் 372 பேருக்கு மேல் உங்கள் கோப்பு தாங்காது. அடுத்த தொகுதி ஆட்கள் வந்து இறங்குவதற்குள் வேலையை முடித்துவிடுங்கள்.

படங்களை எல்லாம் ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஒவ்வொரு படத்துக்கும் அந்த ஆளின் பதிவு எண்ணையே பெயராக வையுங்கள். அட்டவணையில் படத்தின் பெயரை மட்டும் எழுத்தாக வையுங்கள், படம் வேண்டாம். ஃபோல்டர் இருக்கும் இடத்தை ஒவ்வொரு வரியிலும் எழுதாமல், தனியாக ஒரே ஒரு கட்டத்தில் எழுதி வையுங்கள். நாளைக்கு ஆபீஸ் கம்ப்யூட்டரை மாற்றினால் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். நான் இதைக் கற்றுக்கொண்டது 200 வரியைக் கையால் திருத்திய பிறகு. படிவத்தில் ஓர் இமேஜ் பெட்டியை வைத்து அந்தப் பாதையைக் காட்டினால் முகம் முன்போலவே தெரியும். பிறகு ஓஎல்இ கட்டத்தை அட்டவணையிலிருந்தே நீக்கிவிட்டுச் சுருக்குங்கள். இப்போது பாருங்கள், எப்படி இறங்குகிறது என்று.

கேமராவில் எடுத்த மூலப் படங்கள் எங்காவது பத்திரமாக இருந்தால் இது ஒரு நாள் வேலை. இல்லை என்றால் ஒவ்வொன்றாகத் திறந்து வெளியே சேமிக்க வேண்டும், பொறுமையான பிள்ளை யாராவது வேண்டும். போகிறபோக்கில் படத்தையும் சின்னதாக்குங்கள். 35க்கு 50 மில்லிமீட்டர் பாஸ்போர்ட் படத்தை நல்ல தரத்தில் அச்சடிக்க 413க்கு 590 புள்ளி போதும்.

ஆக்சஸ் 2007 முதல் வந்த புதுவகைக் கோப்பில் 'அட்டாச்மெண்ட்' என்று ஒரு கட்டம் உண்டு. அது இப்படிப் பிட்மேப் ஆக்கி ஊதாது. ஆனாலும் படம் கோப்புக்குள்ளேதான் இருக்கும், 2 ஜிபி சுவரும் அங்கேயேதான் இருக்கும். எனக்கு ஃபோல்டர்தான் பிடித்தம்.

கேள்வி: ஆக்சஸில் 'காம்பேக்ட் ஆன் க்ளோஸ்' என்று ஒரு தேர்வு இருக்கிறதே, அதைப் போட்டுவிட்டால் மூடும்போதெல்லாம் தானே சுருக்கிக்கொள்ளாதா? எங்கள் கூட்டுறவுக் கடையில் நாலு கம்ப்யூட்டர் ஒரே கோப்பைத்தான் திறக்கின்றன.
வாசகர், தெலுக் இந்தான்

பதில்: ஒரே கம்ப்யூட்டர், ஒரே ஆள், சின்னக் கோப்பு என்றால் போடுங்கள். நாலு பேர் திறக்கும் கோப்புக்கு வேண்டவே வேண்டாம்.

சுருக்கும்போது கோப்பு ஓர் ஆள் கையில் மட்டும் இருக்க வேண்டும். அதே ஃபோல்டரில், பூட்டுப் படம் போட்ட ஒரு குட்டிக் கோப்பு தெரிந்தால் யாரோ திறந்து வைத்திருக்கிறார்கள் என்று பொருள். அதுகூடப் பரவாயில்லை, ஆக்சஸே மறுத்துவிடும். நெட்வொர்க் வழியாகச் சுருக்குவதுதான் எனக்குப் பயம். ஏன் என்று சொல்கிறேன்.

2003-இல், தீபாவளி முன்பணம் கொடுக்க வேண்டிய வாரம். சம்பளக் கோப்பு மெதுவாகிவிட்டது என்று, சாயங்காலம் ஐந்து மணிக்கு என் மேசையிலிருந்தே, அடுத்த அறையில் இருந்த கம்ப்யூட்டரில் இருக்கும் கோப்பைச் சுருக்கத் தொடங்கினேன். நகல் எடுக்கவில்லை. எடுக்கத்தான் நினைத்தேன், வீட்டுக்குப் போகும் அவசரம். பாதியில் இடி. விளக்கு போனது. விளக்கு வந்த பிறகு கோப்பு திறக்க மறுத்தது. 'ரிப்பேர்' செய்து பார்த்தேன், அட்டவணை ஒன்று பாதியோடு நின்றது. கையில் இருந்தது மூன்று நாள் பழைய சிடி ஒன்றுதான். மண்டோர்கள் (கங்காணிகள்) வைத்திருந்த பாக்கெட் செக்ரோலை எல்லாம் லயத்துக்கு ஆள் அனுப்பி வாங்கிவந்து, மூன்று நாள் பெரட்டையும் ராத்திரியோடு ராத்திரியாக மறுபடி ஏற்றினோம். ஒரு மண்டோரின் புத்தகம் வேர்வையில் ஊறி எண்களே கலைந்திருந்தன. அவரே வந்து பக்கத்தில் உட்கார்ந்து மனப்பாடமாகச் சொன்னார், யார் யார் எந்த நிரையில் நின்றார்கள் என்று. அவர் சொன்னதில் ஒரு பிழைகூட இல்லை.

அதன் பிறகு என் வழக்கம் இது. மாதம் ஒரு முறை, எல்லாரும் வீட்டுக்குப் போன பிறகு, கோப்பை என் கம்ப்யூட்டருக்கு நகல் எடுப்பேன். நகலைச் சுருக்குவேன். திறந்து, கடைசி ரசீது இருக்கிறதா, வரிகளின் எண்ணிக்கை சரியா என்று பார்ப்பேன். பழைய கோப்பின் பெயரோடு தேதியைச் சேர்த்து ஓரமாக வைத்துவிட்டு, சுருக்கியதை அந்த இடத்தில் வைப்பேன். கால் மணி நேர வேலை.

உங்கள் கடையில் இன்னொன்றும் செய்யுங்கள். கோப்பை இரண்டாகப் பிரியுங்கள்: அட்டவணைகள் மட்டும் பொதுக் கோப்பில், படிவமும் அறிக்கையும் ஒவ்வொருவர் கம்ப்யூட்டரிலும் தனித்தனியாக. 'டேட்டாபேஸ் டூல்ஸ்' பட்டியில் இதற்கென்றே ஒரு பொத்தான் இருக்கிறது. அறிக்கைக்காகத் தற்காலிக அட்டவணை உண்டாக்கி அழித்து வீங்குவதெல்லாம் அவரவர் பக்கத்தோடு நின்றுவிடும். படிவமும் அறிக்கையும் உள்ள அந்த முன்பக்கக் கோப்பு வீங்கினால் தூக்கிப் போட்டுவிட்டுப் புது நகல் கொடுக்கலாம், யாருடைய கணக்கும் அதில் இல்லை. ஒன்ட்ரைவ் மாதிரி தானாக மேலேற்றும் ஃபோல்டரில் மட்டும் பொதுக் கோப்பை வைக்காதீர்கள்.

கேள்வி: எங்கள் மாரியம்மன் கோவில் உறுப்பினர் பட்டியலைத் தமிழில்தான் வைத்திருக்கிறேன். தமிழில் எழுதினால் கோப்பு பெருக்கும், ரோமன் எழுத்துக்கு மாற்றுங்கள் என்கிறார் செயலாளர் மகன். பெயர்க் கட்டத்தின் அளவை 255-இலிருந்து 50 ஆக்கவும் சொல்கிறார். செய்யட்டுமா?
கோவில் பொருளாளர், பகாவ்

பதில்: இரண்டும் வேண்டாம். 255 என்பது இவ்வளவுதான் எழுதலாம் என்ற வரம்பு மட்டும். நீங்கள் எழுதிய அளவுக்குத்தான் இடம் பிடிக்கும்.

தமிழைப் பற்றி அந்தத் தம்பி சொன்னதில் ஒரு துளி உண்மை உண்டு. ஆக்சஸ் 2000 முதல் எழுத்துகள் யூனிகோடில், குறிக்கு இரண்டு பைட். ரோமன் எழுத்தென்றால் அதை ஒரு பைட்டாகச் சுருக்கிவிடும், தமிழைச் சுருக்காது. மாரியம்மாள் நமக்கு ஆறு எழுத்து. கம்ப்யூட்டர் துணைக்காலையும் புள்ளியையும் கொம்பையும் தனித்தனியாக எண்ணும், அதற்கு 11 குறி, 22 பைட். ரோமனில் ஏறக்குறைய அதில் பாதி. உங்கள் 600 உறுப்பினருக்கும் சேர்த்து மிச்சமாவது 7 கேபி. ஒரு கைப்பேசிப் படத்தில் நகம் அளவுகூட இல்லை. அதற்காக ஆத்தாளின் பெயரை வேறு எழுத்தில் எழுத வேண்டுமா? செயலாளர் மகன் கோவில் அறிக்கையின் தலைப்பில் போட்டிருக்கும் கோபுரப் படத்தின் அளவைப் பார்க்கட்டும். 'ஆப்ஷன்ஸ்' உள்ளே, 'கரண்ட் டேட்டாபேஸ்' பகுதியில், படங்களை மூல வடிவிலேயே வைக்கவா, பிட்மேப் ஆக்கவா என்று ஒரு கேள்வி இருக்கும். மூல வடிவையே தேர்ந்தெடுக்கச் சொல்லுங்கள். படத்தை அதன் பிறகு புதிதாகப் போட வேண்டும்.

கேள்வி: திடீரென்று 'இன்வேலிட் ஆர்கியுமெண்ட்' என்று வருகிறது. எந்த வரியும் சேர்க்க முடியவில்லை. வைரஸா?
வாசகர், கிள்ளான்

பதில்: கோப்பின் அளவைப் பாருங்கள். 2 ஜிபியைத் தொட்டிருந்தால் ஆக்சஸ் பல நேரம் இப்படித்தான் புரியாத பாஷையில் பேசும். நகல் எடுத்து, நகலைச் சுருக்குங்கள். சுருங்க மறுத்தால் ஒரு வெறும் கோப்பை உண்டாக்கி, அட்டவணைகளை ஒவ்வொன்றாக அதற்குள் இழுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: ஐயா, மரணச் சகாய சங்கத்தில் உறுப்பினர் எண்ணுக்கு 'ஆட்டோநம்பர்' வைத்திருக்கிறேன். தவறுதலாக ஏற்றிய 217-ஐ அழித்துவிட்டேன். அடுத்தவருக்கு 218 போய்விட்டது. கோப்பைச் சுருக்கினால் 217 திரும்பக் கிடைக்குமா? ஆடிட்டர் கேட்பாரே?
வாசகி, சுங்கை சிப்புட்

பதில்: கிடைக்காதம்மா. சுருக்குவது நடுவில் விழுந்த ஓட்டையை அடைக்காது. ஆட்டோநம்பர் ஆக்சஸ் தன் வசதிக்கு வைத்துக்கொள்ளும் எண். உறுப்பினர் எண்ணுக்குத் தனியாக ஒரு கட்டம் வைத்து நீங்களே எண் கொடுங்கள். 217-க்கு அந்தக் கட்டத்தில் ஒரு வரி போட்டு, "ரத்து, தவறுதலாகப் பதிந்தது" என்று எழுதி, தேதியும் போட்டுவிடுங்கள். ஆடிட்டருக்கு அது போதும். சந்தேகம் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் மாடிக்கு வாருங்கள், பென்டிரைவை மறக்காமல்.